மாமன் மகள் தங்கையா? முறைப்பெண்ணா?

தாராவியிலோ செம்பூரிலோ ஒரு தமிழர் வீட்டில் கல்யாணப் பத்திரிகை அச்சாகி வருகிறது. மாப்பிள்ளை வேறு யாருமல்ல. பெண்ணின் தாய்மாமன் மகன்தான். "சொந்தம் விட்டுப் போகவில்லை" என்று பாட்டிக்குப் பரம திருப்தி.

பெண்ணின் தகப்பனார் பத்திரிகையை எடுத்துக் கொண்டு பக்கத்து வீட்டு உத்தரப்பிரதேசக்காரரிடம் போகிறார். அவர் சந்தோஷமாக வாங்கிப் பார்த்து, "மாப்பிள்ளை எந்த ஊர்? என்ன உறவு?" என்று விசாரிக்கிறார். "என் சம்சாரத்தின் அண்ணன் மகன்" என்று பதில் வருகிறது. உடனே அவர் முகம் மாறி விடுகிறது!

"அண்ணனுக்கும் தங்கைக்குமா கல்யாணம்?" என்று சிலர் வாய்விட்டே கேட்டு விடுவார்கள். சிலர் மரியாதை கருதி ஒன்றும் சொல்ல மாட்டார்கள். ஆனால் அன்று இரவு அவர்கள் வீட்டில் பேச்சு அதுவாகத்தான் இருக்கும்.

மும்பை, டெல்லி, ஆமதாபாத் என்று வடக்கே பிழைக்கப் போன தமிழர்களில் பலருக்கு இந்த அனுபவம் புதிதல்ல. மனைவி தன் கணவனை "மாமா" என்று கூப்பிடுவதைக் கேட்டு அக்கம்பக்கத்தார் திடுக்கிட்டுப் போன கதைகளும் உண்டு. இந்தியில் மாமா என்றால் தாயின் உடன்பிறந்தவர். அந்தச் சொல்லுக்கு அங்கே வேறு பொருள் கிடையாது.

நெல்லையில் நல்ல காரியம் என்று மேளம் கொட்டிச் செய்வது, கான்பூரில் பாவம் என்று காதைப் பொத்திக் கொள்ள வைக்கிறது. இரண்டு பேரும் கோயிலுக்குப் போகிறவர்கள். இரண்டு பேரும் பிள்ளைகளை ஒழுக்கமாக வளர்க்கிறவர்கள். அப்படியானால் யார் சொல்வது சரி? ஒழுக்கம் என்பது ஊருக்கு ஊர் மாறுகிற சங்கதியா? அல்லது எல்லா ஊருக்கும் ஒன்றுதானா?

பழைய வழக்கு

இந்தக் கேள்வி இன்று நேற்று வந்தது அல்ல. கிறிஸ்து பிறப்பதற்கு முன்பே எழுதப்பட்டதாகக் கருதப்படும் போதாயன தர்மசூத்திரத்தில் இதே கல்யாண விவகாரம் பேசப்படுகிறது.

தெற்கத்தியாரிடம் 5 வழக்கங்கள் உண்டு, அவற்றைப் பற்றித் தகராறு இருக்கிறது என்று போதாயனர் பட்டியல் போடுகிறார். உபநயனம் ஆகாதவருடன் சேர்ந்து உண்பது, மனைவியுடன் சேர்ந்து உண்பது, பழையது சாப்பிடுவது, மாமன் மகளை மணப்பது, அத்தை மகளை மணப்பது. பழைய சோறு சாப்பிடுவதும் அந்தக் காலத்திலேயே குற்றப் பட்டியலில் இருந்திருக்கிறது!

வடக்கத்தியாரையும் அவர் விட்டு விடவில்லை. கம்பளி வியாபாரம், மது அருந்துவது, மேல் தாடை கீழ்த் தாடை இரண்டிலும் பல் உள்ள மிருகங்களை விற்பது, ஆயுதத் தொழில், கடல் பயணம் ஆகிய 5 அவர்கள் கணக்கில் எழுதப்பட்டுள்ளன.

போதாயனர் சொன்ன தீர்ப்பு இது: அந்தந்த வழக்கம் அந்தந்த நாட்டில் குற்றமல்ல. தெற்கத்தி வழக்கத்தை வடக்கே போய்ச் செய்தாலும், வடக்கத்தி வழக்கத்தைத் தெற்கே வந்து செய்தாலும்தான் பாவம். நாட்டு வழக்கமே பிரமாணம்.

ஆனால் கௌதமர் இதை ஒப்பவில்லை. அதையும் போதாயனரே எழுதி வைத்திருக்கிறார். தவறு என்றால் எந்த ஊரில் செய்தாலும் தவறுதான் என்பது கௌதமர் கட்சி.

ஆக, "ஊருக்கு ஊர் நியாயம்" என்று ஒருவரும், "நியாயம் ஒன்றே" என்று ஒருவரும் அன்றைக்கே வாதாடி இருக்கிறார்கள். போதாயனர் தீர்ப்பு கேட்பதற்கு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஊரை விட்டு ஊர் போய்ப் பிழைப்பவனுக்கு அது உதவுவதில்லை. தூத்துக்குடியில் பிறந்து வடாலாவில் குடியிருப்பவனுக்கு எது நாட்டு வழக்கம்?

மகாபாரதம் வேறு இதில் ஒரு சிக்கலை உண்டாக்கி இருக்கிறது. அர்ச்சுனன் மணந்த சுபத்திரை, வசுதேவரின் மகள். வசுதேவர், அர்ச்சுனனின் தாய் குந்திக்கு உடன்பிறந்தவர். அதாவது அர்ச்சுனன் கட்டியது சொந்தத் தாய்மாமன் மகளை! பிற்காலத்தில் வந்த மீமாம்சை அறிஞர் குமாரிலபட்டர், சுபத்திரை வசுதேவருக்குச் சொந்த மகளாக இருக்க வேண்டியதில்லை என்று சமாதானம் சொல்ல வேண்டி வந்தது.

சொல்லிலேயே இருக்கிறது

வழக்கம் எங்கிருந்து மனதுக்குள் புகுகிறது? பெரியவர்கள் உபதேசம் செய்தா? இல்லை. பிள்ளை பேசக் கற்றுக் கொள்ளும்போதே புகுந்து விடுகிறது.

இந்தியில் மாமன் மகளுக்குப் பெயர் 'மமேரி பஹன்'. அத்தை மகளுக்கு 'ஃபுஃபேரி பஹன்'. பஹன் என்றால் சகோதரி. சொல்லும்போதே தங்கை என்று நாக்கு சொல்லி விடுகிறது. பிறகு கல்யாணப் பேச்சுக்கு இடம் ஏது?

தமிழில் பெரியப்பா, சித்தப்பா, பெரியம்மா, சின்னம்மா பெற்ற பிள்ளைகள் அண்ணன், தம்பி, அக்காள், தங்கை. அவர்களைக் கட்டுவதைத் தமிழன் நினைத்தே பார்க்க மாட்டான். ஆனால் அத்தை மகளும் மாமன் மகளும் முறைப்பெண்கள். மாமா என்ற சொல் தாயின் உடன்பிறந்தவரையும் குறிக்கும், மாமனாரையும் குறிக்கும். அத்தை என்பது தகப்பனாரின் உடன்பிறந்தவளையும் மாமியாரையும் சேர்த்தே குறிக்கும். பிறந்த நாள் முதல் "அதோ உன் மாமியார் வருகிறாள்" என்று கேலி பேசியே குழந்தையை வளர்க்கிறார்கள்.

புனே டெக்கான் கல்லூரியில் பணியாற்றிய மானிடவியல் அறிஞர் இராவதி கார்வே, இந்தியாவின் உறவுமுறைகளை ஊர் ஊராக ஆராய்ந்து 1953-ல் ஒரு நூல் வெளியிட்டார். வடக்கே பெண்ணை முன்பின் தெரியாத குடும்பத்தில், தூரத்து ஊரில் கொடுக்கிறார்கள். தெற்கே தெரிந்த வீட்டில் கொடுக்கிறார்கள். இந்த ஒரு வேற்றுமையால் பெண்ணின் வாழ்க்கையே மாறிப் போகிறது என்பதை அவர் எடுத்துக் காட்டினார்.

வடக்கத்தி ஏற்பாட்டிலும் ஒரு நியாயம் இருக்கிறது. தன் ஊரில் பிறந்த பெண்கள் எல்லோரும் தங்கைகள் என்றால், ஊருக்குள் பெண்ணை யாரும் வேறு கண்ணால் பார்க்கக் கூடாது. தெற்கத்தி ஏற்பாட்டின் நியாயம் வேறு. மாமியார் சொந்த அத்தையாக இருந்தால் மருமகளுக்கு அடியும் வசவும் குறையும். நிலமும் நகையும் குடும்பத்துக்குள் நிற்கும். சில நேரம் அத்தையே மாமியாராகி அதிகம் படுத்தியதும் உண்டு. அது வேறு கதை!

மற்ற வீடுகள்

மராட்டியர்களைப் பாருங்கள். அவர்களில் பல சாதிகளில் மாமன் மகளைக் கட்டலாம். ஆனால் அத்தை மகளைக் கட்டுவதில்லை. அக்காள் மகளைக் கட்டுவது என்றால் அவர்களும் முகம் சுளிப்பார்கள். தமிழ்நாட்டிலேயே அக்காள் மகளைக் கட்டும் வழக்கம் எல்லாச் சாதிகளிலும் கிடையாது.

முஸ்லிம்களின் மதச் சட்டப்படி சித்தப்பா மகளையும் மணக்கலாம். இதைக் கேட்கும்போது, "மாமன் மகளா?" என்று வடக்கத்தியார் முகம் சுளித்ததற்கு வருத்தப்பட்ட அதே தமிழர், "சித்தப்பா மகளையா?" என்று தானும் முகம் சுளிக்கிறார். இதை அவர் கவனிப்பதே இல்லை.

வெள்ளைக்காரர்களிடமும் இதில் ஒற்றுமை இல்லை. இங்கிலாந்தில் இத்தகைய மணம் சட்டப்படி செல்லும். அமெரிக்காவில் ஏறக்குறையப் பாதி மாநிலங்களில் செல்லாது. பரிணாமக் கொள்கையைக் கண்ட சார்லஸ் டார்வின், 1839-ல் எம்மா வெட்ஜ்வுட் என்ற பெண்ணை மணந்தார். எம்மா அவருடைய சொந்தத் தாய்மாமன் மகள்! பின்னாளில் அவருக்கே கவலை வந்து விட்டது. தம் 10 பிள்ளைகளில் 3 பேர் சிறு வயதிலேயே இறந்ததற்கு உறவு மணம் காரணமாக இருக்குமோ என்று நினைத்தார். 1871 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இதைப் பற்றி ஒரு கேள்வி சேர்க்க வேண்டும் என்று முயன்று பார்த்தார். பாராளுமன்றம் ஒப்புக் கொள்ளவில்லை.

இன்றைய மருத்துவம் சொல்வது இவ்வளவுதான்: அத்தை பிள்ளை, மாமன் பிள்ளை மணத்தில் பிறவிக் கோளாறுள்ள குழந்தை பிறக்கும் வாய்ப்பு மற்ற மணங்களை விட நூற்றுக்கு 2 அல்லது 3 கூடுதல். தாய்மாமனே மணந்தால் ரத்தத் தொடர்பு இன்னும் நெருக்கம் என்பதால் ஆபத்தும் அதிகம். குடும்பத்தில் ஏற்கனவே பரம்பரை நோய் இருந்தால் டாக்டரைக் கேட்டுக் கொள்வது நல்லது. ஆனால் இது உடம்பைப் பற்றிய கணக்கு. கான்பூர்க்காரர் காதைப் பொத்திக் கொண்டது இந்தக் கணக்கைப் பார்த்து அல்ல.

எங்கும் உள்ளது எது?

இவ்வளவு வேற்றுமைகளைப் பார்த்த பிறகு, "எல்லாம் அவரவர் வழக்கம், நல்லது கெட்டது என்று எதுவும் இல்லை" என்று முடிவு கட்டி விடத் தோன்றும். பல பேர் அப்படித்தான் முடிவு கட்டுகிறார்கள். அது அவசர முடிவு.

பெற்றவர் பிள்ளையை மணப்பதையும் உடன்பிறந்தவர் மணப்பதையும் உலகில் அநேகமாக எல்லாச் சமுதாயங்களும் தடுக்கின்றன. பண்டைய எகிப்து, பாரசீகம் போன்ற ஓரிரு இடங்களில்தான் விலக்குகள் இருந்தன. வீட்டுக்குள் ஒரு கோடு கிழிக்க வேண்டும் என்பதில் தகராறு இல்லை. கோட்டை எங்கே கிழிப்பது என்பதில்தான் தகராறு.

தாய்மாமன் விஷயத்தையே எடுத்துக் கொள்ளலாம். தமிழ்நாட்டில் குழந்தைக்குக் காது குத்துவது தாய்மாமன் மடியில். பெண் வயதுக்கு வந்தால் சீர் கொண்டு வருபவர் அவர். ராஜஸ்தானில் மாமன் தன் மருமகளை மணக்க முடியாது. ஆனால் அவள் கல்யாணத்துக்கு 'மாயரா' என்ற பெயரில் துணிமணியும் பணமும் கொண்டு வந்து தங்கைக்குச் சபையில் செய்ய வேண்டியது அவர் கடமை. மராட்டியக் கல்யாணங்களுக்குப் போனவர்கள் பார்த்திருப்பார்கள். மணப்பெண்ணைக் கைப்பிடித்து மணமேடைக்கு அழைத்து வருபவர் தாய்மாமன்தான். உடன்பிறந்தவளின் பிள்ளைகளுக்குத் தாய்மாமன் காவல் என்பதில் மூன்று நாட்டாரும் ஒன்று. அந்தக் காவலை எப்படிக் காட்டுவது என்பதில்தான் வேறுபடுகிறார்கள்.

சட்டம் என்ன சொல்கிறது?

போதாயனர், கௌதமர் இருவருக்கும் 1955-ம் ஆண்டு இந்து திருமணச் சட்டம் இடம் கொடுத்திருக்கிறது.

அந்தச் சட்டப்படி மாமன்-மருமகள் மணமும், உடன்பிறந்தவர்களின் பிள்ளைகள் தங்களுக்குள் செய்து கொள்ளும் மணமும் தடுக்கப்பட்டவை. மீறினால் மணம் செல்லாது. ஒரு மாதம் வரை வெறுங்காவல் அல்லது ஆயிரம் ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும் உண்டு. ஆனால் இரு தரப்பாரின் குல வழக்கமும் அனுமதித்தால் தடை இல்லை என்று அதே சட்டம் விலக்கும் தருகிறது. தமிழர்களின் உறவு மணங்கள் இந்த விலக்கில்தான் நிற்கின்றன. "இரு தரப்பாரின்" என்பதை இங்கே கவனிக்க வேண்டும். ஒரு தரப்பில் மட்டும் வழக்கம் இருந்தால் போதாது. மும்பைக்குக் குடிபெயர்ந்ததால் மட்டும் ஊர் வழக்கம் போய் விடுவதில்லை. குடும்பம் தன் வழக்கத்தைக் கூடவே எடுத்துச் செல்கிறது என்பது நீதிமன்றங்கள் நெடுங்காலமாக ஏற்றுக் கொண்ட கொள்கை.

பதிவுத் திருமணம் செய்கிறவர்களுக்கு 1954-ம் ஆண்டு சிறப்புத் திருமணச் சட்டம். அதன் தடைப் பட்டியலில் அத்தை மகளும் மாமன் மகளும் இருக்கிறார்கள். 1963-ல் அதிலும் வழக்கத்துக்கு விலக்கு சேர்த்தார்கள். ஆனால் அந்த வழக்கத்தை மாநில அரசு கெசட்டில் அறிவித்திருக்க வேண்டும். ஆகவே முறைப்பெண்ணைக் கட்டுபவர்கள் இந்து முறைப்படி மணம் முடித்து, அந்தச் சட்டத்தின் கீழ்ப் பதிவு செய்வதே தொல்லை இல்லாதது.

வழக்கம் என்று யார் எதைச் சொன்னாலும் சட்டம் ஏற்காது. அது நீண்ட காலம் இடைவிடாமல் பின்பற்றப்பட்டிருக்க வேண்டும். நியாயத்துக்கு மாறாகவோ பொது நலத்துக்கு விரோதமாகவோ இருக்கக் கூடாது. கௌதமர் இங்கே எட்டிப் பார்க்கிறார்! யாரைக் கட்டுவது என்பது வழக்கம். கட்டாயப்படுத்திக் கட்டுவது வழக்கம் ஆகாது. பலவந்தத்தால் நடந்த மணத்தை, அந்தப் பலவந்தம் நீங்கி ஓராண்டுக்குள் மனுப் போட்டு ரத்து செய்ய வழி இருக்கிறது.

பால்ய விவாகமும் ஒரு காலத்தில் வழக்கம்தான். 1929-ல் சாரதா சட்டம் வந்தபோது "எங்கள் தர்மத்தில் கை வைக்காதே" என்று கூச்சல் போட்டவர்கள் உண்டு. அன்று பெண்ணுக்கு 14 வயது என்று வைத்தார்கள். 1978-ல் அது 18 ஆயிற்று.

கோட்டைத் தாண்டினால் கொலையா?

ஹரியானாவில் ஒரே கோத்திரத்தில் மணம் செய்வது ஊர் வழக்கப்படி தப்பு. ஆனால் 1946-லேயே சட்டம் அந்தத் தடையை நீக்கி விட்டது. 2007-ல் கைத்தல் மாவட்டத்தில் ஓர் இளம் ஜோடி ஒரே கோத்திரத்தில் மணம் செய்து கொண்டது. கோர்ட்டில் பாதுகாப்பும் கேட்டிருந்தார்கள். பெண்ணின் சொந்தக்காரர்களே இருவரையும் கொன்றார்கள். 2010-ல் கர்னால் நீதிமன்றம் 5 பேருக்குத் தூக்குத் தண்டனை விதித்தது. மேல் விசாரணையில் அவர்களில் 4 பேருக்கு அது ஆயுள் தண்டனையாகக் குறைக்கப்பட்டது.

தமிழர்கள் இதைப் படித்து, "வடக்கே இப்படித்தான்" என்று சொல்லிவிட்டுப் போக முடியாது. 2016-ல் உடுமலைப்பேட்டை பஸ் நிலையத்துக்கு அருகே, சாதி மாறிக் காதல் மணம் செய்த ஜோடியைப் பட்டப்பகலில் வெட்டினார்கள். கணவன் இறந்தான். மனைவி படுகாயத்துடன் பிழைத்தாள்.

அங்கே கோத்திரம் ஒன்றாக இருந்தது குற்றம். இங்கே சாதி வேறாக இருந்தது குற்றம். காரணங்கள் ஒன்றுக்கொன்று நேர் எதிர். வெட்டுப்பட்டவர்கள் பட்ட வேதனை ஒன்றுதான். "அது அவர்கள் வழக்கம்" என்று இந்தக் கொலைகளுக்கு யாராவது சமாதானம் சொன்னால், செத்துப் போன பிள்ளைகளும் அதே ஊரில், அதே வழக்கத்தில் பிறந்தவர்கள்தானே என்று திருப்பிக் கேட்க வேண்டும். அவர்களை ஊர்க் கணக்கில் சேர்க்காமல் ஊர் வழக்கம் பேசுவது எப்படி? 2018-ல் உச்ச நீதிமன்றமும், வயது வந்த இருவர் மணம் செய்து கொள்ளச் சம்மதித்தால் குடும்பத்துக்கோ சாதிக்கோ ஊர்ப் பஞ்சாயத்துக்கோ தடுக்க உரிமை இல்லை என்று திட்டவட்டமாகக் கூறி விட்டது.

இங்கே வளர்ந்த பெண்

இப்போது தமிழர் குடும்பங்களில் வேறொரு சிக்கல் தலைதூக்குகிறது. அதுதான் எல்லாவற்றையும் விடப் பெரிது.

தகப்பனார் ஊரில் வளர்ந்தவர். மகள் மும்பையில் பிறந்து, மராத்தியும் இந்தியும் பேசி வளர்ந்தவள். பள்ளிக்கூடத்தில் அவளுடைய தோழிகளுக்கு மாமன் மகன் என்றால் அண்ணன். ஆவணி மாதம் ராக்கி கட்டுவார்கள். அவளும் விடுமுறைக்கு ஊருக்குப் போனபோது, தெரியாமல் மாமன் மகன் கையில் ராக்கி கட்டி, வீடே சிரித்திருக்கும். அவளுக்கு 22 வயதானதும் ஊரிலிருந்து ஆள் வருகிறது. "எங்கள் உரிமைப் பெண்ணை எங்களுக்கே கொடுங்கள்" என்கிறார்கள்.

"அவரை நான் அண்ணன் மாதிரிதானே நினைத்தேன்?" என்கிறாள் மகள்.

"அப்படி நினைத்தது உன் தப்பு. முறை என்று ஒன்று இருக்கிறது" என்கிறார் தகப்பனார்.

போதாயனரைக் கூப்பிட்டால், "இவள் எந்த நாட்டுக்காரி?" என்று அவரே தலையைச் சொறிவார். தகப்பனாரின் வழக்கம் பொய் அல்ல. அதை அசிங்கம் என்று பேசும் பக்கத்து வீட்டார்தான் அறியாமல் பேசுகிறார்கள். அதே நேரத்தில் மகளின் கூச்சமும் வேஷம் அல்ல. அது அவள் வளர்ந்த சொற்களிலிருந்து வந்தது, தகப்பனாருக்கு முறை வந்ததைப் போலவே. இரண்டு வழக்கங்களும் ஒரே வீட்டுக்குள் மோதும்போது அவளுடைய வாய்ச்சொல்தான் கணக்கு. அவள் வேண்டாம் என்றால் வேண்டாம். விரும்பிச் சரி என்றால், காதைப் பொத்திக் கொள்கிறவர்கள் பொத்திக் கொள்ளட்டும்.

ஊரிலும் காலம் மாறித்தான் வருகிறது. 2019 முதல் 2021 வரை நடந்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்போதும், தமிழ்நாட்டில் திருமணமான பெண்களில் நான்கில் ஒரு பங்குக்கு மேற்பட்டவர்கள் சொந்தத்தில் கட்டியவர்களே. ஆனால் இந்த விகிதம் முந்தைய தலைமுறையில் இதைவிட மிக அதிகம். படிப்பு, வெளியூர் வேலை, வீட்டுக்கு ஓரிரு பிள்ளைகள் என்று ஆன பிறகு முறைப்பையனோ முறைப்பெண்ணோ இல்லாத வீடுகளே பெருகி விட்டன.

பெண்ணை வெளியே கொடுப்பதற்குப் பழைய வழக்கத்திலேயே வழி இருந்தது. உரிமை உள்ள மாமன் வீட்டில் முதலில் சொல்லி, வெற்றிலை பாக்கு வைத்துச் சம்மதம் பெற்றுக் கொள்வார்கள். அதன் பிறகு மாமன் வீட்டாருக்கு மனத்தாங்கல் இருக்காது. சபையில் முதல் மாலை போடுகிற மரியாதையும் அவர்களுக்குத்தான். மும்பையில் நடக்கும் தமிழ்க் கல்யாணங்களில் இன்றும் இதைப் பார்க்கலாம். மாப்பிள்ளை அந்நியமாக இருப்பார். நாகர்கோவில் எக்ஸ்பிரசில் இரண்டு நாள் பயணம் செய்து, பட்டுப் புடவையும் பழத்தட்டுமாகத் தாய்மாமன் வந்து இறங்குவார்.